தொழில்சார் ஈய நச்சேற்றம்

தொழில்சார் ஈய நச்சேற்றம் என்பது பணியிடத்தில் ஈயத்தூளையும் ஈயப்புகையையும் உள்ளிழுப்பதாலும், கையிலும் உணவிலும் படிந்த ஈயத்தை விழுங்குவதாலும் ஏற்படும் நோயாகும். இங்கு ஈயம் எனக் குறிக்கப்படுவது காரீயம் (அணு எண் 82). பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசப்படுவதும், இரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்யப்படுவதும் வெள்ளீயம் என்னும் வேறு தனிமம். வழக்கில் இரண்டும் "ஈயம்" என்றே அழைக்கப்படுவதால் குழப்பம் நேர்கிறது.

பாதிப்புக்கு உள்ளாவோர்

பழைய மின்கலங்களை உடைத்து ஈயம் உருக்குவோர், பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டுவோர், பற்றாசு வைப்போர் ஆகியோர் இதில் அடங்குவர். முன்னர் அச்சகங்களில் ஈய எழுத்துகளை வார்த்தோரும் கோத்தோரும் இவ்வாறே பாதிப்புக்கு உள்ளாயினர். இரணியலை அடுத்த குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களில் மீன்வலைக்கு உரிய ஈயக் குண்டுகளை வீட்டு முற்றத்தில் உருக்கி வார்த்தால், அவ்வீட்டுக் குழந்தைகளுக்கும் தீங்கு உண்டு. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகுகிறது. வெப்பம் கூடக்கூடப் புகையும் பெருகும்.

அறிகுறிகள்

சோர்வு, தலைவலி, மலச்சிக்கல், வயிற்று வலி ஆகியவை தொடக்க அறிகுறிகள். இவை வேலைக் களைப்பு என்றே பெரும்பாலும் கருதப்பட்டுவிடுகின்றன. பின்னர் இரத்தச்சோகை, சிறுநீரகப் பாதிப்பு, மணிக்கட்டுத் தளர்ச்சி முதலியன தோன்றலாம். எலும்பில் சேரும் ஈயம் பல்லாண்டுகள் தங்கிக் கருவுற்ற காலத்தில் மீண்டும் குருதியில் கலக்கக்கூடும். எனவே குருதியில் ஈய அளவைச் சோதிப்பதே நம்பத்தக்க வழி.

விழிப்புணர்வும் தடுப்பும்

1910இல் அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் ஆலிசு ஆமில்டன் என்ற மருத்துவர் ஈயத் தொழிலாளரை ஆராய்ந்தார். கைகழுவாத தொழிலாளியே நோய்க்குக் காரணம் என்று முதலாளிகள் கூறிவந்தனர். தூசியும் புகையுமே முதன்மைக் காரணம் என அவர் எடுத்துக்காட்டினார். ஆகவே புகைபோக்கியும் காற்றோட்டமும் அமைப்பது நிறுவனத்தின் பொறுப்பாகும். பணியிடத்தில் உண்ணாமலும் பீடி புகைக்காமலும் இருத்தல், உலர்ந்த தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல், குளித்து உடை மாற்றியபின் வீடு திரும்புதல் ஆகியவை தொழிலாளர் அறிய வேண்டியவை. முகத்தில் கட்டும் துணி ஈயப்புகையைத் தடுக்காது. பாலும் வெல்லமும் உள்ளிழுத்த ஈயத்தை நீக்குவதில்லை.

சட்டம்

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஈய நச்சேற்றத்தை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் முதலாவதாக வைத்திருந்தது. பணியிட ஆபத்து குறித்த தகவலைப் பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தொழிலாளருக்குக் கிடைத்தது. ஆனால் மின்விசை பயன்படுத்தும் இடங்களில் பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரிந்தால் அச்சட்டம் பொதுவாகப் பொருந்தவில்லை; மின்கலம் உருக்கும் சிறு உலைகள் பல இதனால் விடுபட்டன. அச்சட்டத்திற்கு மாற்றான 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் இவ்வெண்ணிக்கை இருபதாக உயர்த்தப்பட்டுள்ளது.