இரு நாடுகளுக்கும் அந்நியர்
புரந்தர் கோட்டை, புனே மாவட்டம். இரண்டாம் உலகப் போர்க்காலம்

1939 ஜனவரி முதல் ஜெர்மனியில் யூதப் பெண்களின் பெயரோடு ‘சாரா’ என்று ஒட்டவைத்தார்கள். கடவுச்சீட்டில் சிவப்பு ‘ஜே’ முத்திரை. அந்தச் சீட்டோடு பிள்ளைகுட்டிகளை அழைத்துக்கொண்டு இந்தியாவுக்குத் தப்பி வந்த தாய்மார் உண்டு.

செப்டம்பர் 3 அன்று போர் மூண்டதும் பிரிட்டிஷ் அரசு அவர்களையும் ‘எதிரி நாட்டவர்’ கணக்கில் சேர்த்தது. ஆண்கள் அகமதுநகர் முகாமுக்குப் போனார்கள். விசாரணைக்குப் பின் யூதர் பலர் விடுதலையானார்கள். பின்னாளில் சில குடும்பங்கள், ஏற்காட்டைவிடச் சற்றே உயரம் குறைந்த இந்த மலைக்கோட்டையில் வைக்கப்பட்டன.

1941 நவம்பரில் ஜெர்மனி, வெளிநாட்டில் வாழ்ந்த யூதரின் குடியுரிமையையே பறித்தது. எதிரி என்று அடைக்கப்பட்டவர்களுக்கு இப்போது நாடே இல்லை.

காவலில் இருந்தாலும் இங்கே உயிர் தப்பியது. ஐரோப்பாவில் விட்டுவந்த சொந்தங்கள் பலருக்கு அது வாய்க்கவில்லை.