சன்ரூஃப் வேண்டுமா, சோலார் வேண்டுமா?

காஞ்சிபுரத்தைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் தாமல் வரும். பெரிய ஏரி, வராகீஸ்வரர் கோயில், தாமோதரப் பெருமாள் கோயில் என்று பழைய அடையாளங்கள் கொண்ட ஊர். இப்போது இதைச் சுற்றிலும் கார் தொழில். கிழக்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் க்ரெட்டா எலக்ட்ரிக் தயாராகிறது. மேற்கே பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. தெற்கே செய்யாறு பக்கம் மஹிந்திராவின் சோதனை ஓடுதளம் இருக்கிறது. மின்சார கார் வாங்கலாமா என்ற பேச்சு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. வாங்கப் போகிறவர் தடுமாறுவது அடுத்த கட்டத்தில்தான்: எந்த வேரியன்ட், என்னென்ன கூடுதல் வசதிகள்?

வெளிநாடுகளில் பல நிறுவனங்கள் ஒவ்வொரு வசதிக்கும் தனித்தனியாக விலை போட்டு விற்கின்றன. நம் ஊரில் அப்படி இல்லை. வெயிலுக்குக் காற்று வரும் சீட் கேட்டால், கூடவே சன்ரூஃபையும் பெரிய திரையையும் சேர்த்து மேல் வேரியன்ட்டைக் காட்டுவார்கள். ஒரு படி ஏறினால் ஒன்றரை லட்சம், இன்னொரு படிக்கு இன்னும் ஒரு லட்சம். டெலிவரிக்கு முன்னால் ஆக்ஸசரீஸ் பட்டியல் தனியாக வரும்.

இப்போது விட்டால் பிறகு வராதவை

இத்தனை வசதிகளுக்கு நடுவே வழி தெரிய ஒரு கேள்வி போதும்: இதைப் பிறகு சேர்க்க முடியுமா? பேட்டரியின் அளவு, ஃபாஸ்ட் சார்ஜிங் திறன், ஏர்பேக், காரிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கும் வி2எல் வசதி, காற்று வரும் சீட் ஆகியவை ஆலையிலேயே முடிவானவை. மிதியடி, சீட் கவர், கதவோர பிளாஸ்டிக், கோட்டிங் போன்றவற்றை என்றைக்கு வேண்டுமானாலும் வாங்கலாம். வெளிக்கடையில் விலையும் பெரும்பாலும் குறைவு.

வரிக் கணக்கும் இதையே சொல்கிறது. மின்சார காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். ஆலையில் பொருத்தி வருவது எல்லாம் அந்த 5 சதவீதத்துக்குள் அடங்கும். ஷோரூமில் தனியாகப் பில் போடும் உதிரிப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு 18 சதவீதம். அதையும் கடனில் சேர்த்துவிட்டால், மிதியடிக்கு ஐந்து வருடம் வட்டி கட்ட வேண்டியதுதான்.

பேட்டரிதான் பெரிய எக்ஸ்ட்ரா

க்ரெட்டா எலக்ட்ரிக் 42 கிலோவாட் அவர், 51.4 கிலோவாட் அவர் என்று இரண்டு பேட்டரிகளில் வருகிறது. 2025 ஜனவரியில் வந்தபோது, சோதனைக்கூடக் கணக்கில் முன்னது 390 கி.மீ., பின்னது 473 கி.மீ. ஓடும் என்றார்கள். ஏ.சி. போட்டு நெடுஞ்சாலையில் விரட்டினால் இரண்டுமே குறையும். தாமலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்குப் போய் வந்தால் நாளுக்குச் சுமார் 90 கி.மீ. அதற்குச் சின்ன பேட்டரியே தாராளம். பெரிய பேட்டரி உதவுவது பெங்களூர் போன்ற நெடும்பயணத்தில். 50 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜரில் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் ஏற 58 நிமிடம் என்கிறது நிறுவனம். வருடத்தில் எத்தனை முறை அந்த ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்று பார்த்து முடிவெடுக்கலாம்.

எம்.ஜி. வின்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது பேட்டரியையே விருப்பத் தேர்வாக்கிவிட்டது. பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், ஓட்டும் ஒவ்வொரு கி.மீ.க்கும் 3.50 ரூபாய் வாடகை. பேட்டரியோடு சேர்த்து 13.50 லட்சம். வித்தியாசம் மூன்றரை லட்சம். வட்டியை ஒதுக்கிவிட்டால் ஒரு லட்சம் கி.மீ. ஓடும்போது வாடகையும் விலையும் சமமாகும். மாதம் 25 நாள், தினம் 90 கி.மீ. ஓட்டுபவர் நான்கு ஆண்டுக்குள் அந்த எல்லையைத் தொடுவார். அவர் பேட்டரியை வாங்கிவிடுவதே லாபம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வண்டி எடுப்பவருக்கு இந்தக் கணக்கு நேர்மாறாக வரும்.

வெயில், மழை, சாலை

பெரிய கண்ணாடிக் கூரை படத்தில் அழகாக இருக்கும். சித்திரை வெயிலில் அது வாங்கும் சூட்டை ஏ.சி.தான் தணிக்க வேண்டும். அந்த ஏ.சி. ஓடுவது சக்கரத்தைச் சுற்றும் அதே பேட்டரியில். காற்று வரும் சீட்டுக்கு ஆகும் மின்சாரம் அதோடு பார்த்தால் சொற்பம். குளிர் நாட்டுக்காரர்கள் தேடி வாங்கும் ஹீட் பம்புக்கு இங்கே வேலை இல்லை.

ஸ்ரீபெரும்புதூர்–வாலாஜாபேட்டை ஆறுவழிப் பணி வருடக்கணக்காக நடக்கிறது. கோடு அழிந்த சாலையிலும் மாற்றுப்பாதையிலும் காரைத் தடத்திலேயே வைத்திருக்கும் ஏடாஸ் எனும் ஓட்டுநர் உதவி அமைப்பு அடிக்கடி குழம்பும். தானாக பிரேக் பிடிக்கும் பகுதி பயன்படும், ஆனால் அதற்காக மட்டும் ஒரு வேரியன்ட் ஏறுவதற்கு முன் அதே சாலையில் டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். இதே சாலையில் ஸ்டெப்னி இல்லாமல் போவது தொல்லை. சில மின்சார கார்களில் பஞ்சர் கிட் மட்டுமே வருகிறது. அப்படியானால் ஸ்டெப்னிக்குக் காசு கொடுப்பதில் தவறில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியும் வட்டாரம் இது. தண்ணீர் புகுந்து பேட்டரி கெட்டால் சாதாரண காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். பேட்டரிக்கான கூடுதல் காப்பீட்டை எடுத்துவிடுங்கள். ஷோரூம் காட்டும் பாலிசியையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சார்ஜரும் இ.பி. பில்லும்

க்ரெட்டாவுக்கு 11 கிலோவாட் வீட்டு சார்ஜர் தனியாக 73,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதற்கு மூன்று பேஸ் இணைப்பும் போதுமான பளுவும் வேண்டும். 90 கி.மீ. ஓட்டத்துக்குச் சார்ஜிங் இழப்பும் சேர்த்து ஏறத்தாழ 15 யூனிட் ஆகும். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கே ஐந்து மணி நேரத்தில் அதை ஏற்றிவிடும். இரவு நிறுத்திக் காலையில் எடுக்கும் வண்டிக்கு இதற்கு மேல் வேகம் எதற்கு? போர்டிலிருந்து தனி ஒயர், நல்ல எர்த், மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இவற்றுக்கு முதலில் செலவழியுங்கள்.

அதைவிடப் பெரிய செலவு பில்லில் இருக்கிறது. மாதம் 25 நாள் இந்த ஓட்டம் என்றால் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் கூடும். 2024 ஜூலைக் கட்டணப்படி வீட்டு இணைப்பில் 1,000 யூனிட்டுக்கு மேல் போவதற்கு யூனிட் 11 ரூபாய் 80 காசு. மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் நாளுக்குச் சுமார் 12 யூனிட், இரண்டு மாதத்தில் 720 யூனிட் கிடைக்கும். காரின் பசியும் மாடியின் விளைச்சலும் ஏறக்குறைய சமம். பகலில் கார் வேலைக்குப் போய்விட்டாலும், நெட் மீட்டர் இருந்தால் அந்த மின்சாரம் கணக்கில் வரவாகும். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு.

பட்டுச் சேலையைத் திருப்பி, பின்பக்க ஜரிகையைப் பார்த்து விலை பேசும் ஊர்க்காரர்களுக்குக் கார் பட்டியலையும் அப்படிப் பார்க்கத் தெரியும். மேல் வேரியன்ட்டுக்கு இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பவர், அந்தப் பணத்தை முதலில் மொட்டை மாடிக்கு ஒதுக்கலாம். மீதி இருந்தால் காற்று வரும் சீட், ஸ்டெப்னி, பேட்டரிக் காப்பீடு. சன்ரூஃபைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.