நூற்றறுபது எழுத்துக்குள் நட்பு

மாணவ நண்பர்களே, கல்லூரித் தோழர் இருவர் கைப்பேசி வழியே அளவளாவுவதை நீங்கள் உற்று நோக்கினால் ஒன்று புலப்படும். அவர்கள் உரையாடுவது தமிழில். எழுதுவதோ பெரும்பாலும் ஆங்கில எழுத்தில். 'சாப்பிட்டாயா' என்பதையும் 'நாளை வருகிறேன்' என்பதையும் அவ்வெழுத்துக்களிலேயே கோத்து அனுப்புகின்றனர். இதனை மொழிப்பற்றின் குறைவு என்று கடிந்துரைப்போர் பலர். அவ்வாறு கடியப்பட்டவர்களுள் நானும் ஒருவன். ஆனால், இப்பழக்கம் வேரூன்றியதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதனைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே பேச்சு செல்லும் வழி ஒன்று உண்டு. 'அழைப்பு வருகிறது, மணியை ஒலிக்கச் செய்' என்பன போன்ற குறிப்புக்கள் செல்லும் வழி மற்றொன்று. இந்த இரண்டாம் வழி பெரும்பொழுது வெறுமையாகக் கிடப்பது. அதன் வழியே சிறு செய்திகளை அனுப்பினால் என்ன என்று பொறியியலார் எண்ணினர். பெருஞ்சுமையை அது தாங்காது. எனவே, செய்தி எத்துணைச் சிறியதாய் இருக்கலாம் என்னும் கேள்வி எழுந்தது. 1985-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பான் நகரில் பிரீடெல்ம் ஹில்லெபிராண்ட் என்பவர் தட்டச்சுப் பொறியின்முன் அமர்ந்து, மனத்தில் தோன்றிய வாக்கியங்களையெல்லாம் அடித்து, எழுத்தையும் இடைவெளியையும் எண்ணிப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாம் 160-க்குள் அடங்கின. அஞ்சலட்டைகளையும் டெலக்ஸ் செய்திகளையும் ஒப்பிட்டு, அவ்வளவு போதும் எனத் துணிந்தார். 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்னும் இளம் பொறியாளர் கணிப்பொறியிலிருந்து ஒரு கைப்பேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அதுவே முதற் குறுஞ்செய்தி.

அந்த 160, ஆங்கிலம் போன்ற மொழிகளின் எழுத்துக்கு வகுத்த அளவு. ஒரு செய்திக்குரிய இடம் 1120 பிட். எழுத்தொன்றுக்கு 7 பிட் என வகுத்தால் 160 எழுத்து வரும். தமிழ் எழுத்துக்கோ குறியொன்றுக்கு 16 பிட் வேண்டும். வகுத்துப் பாருங்கள், 70-தான் வரும். அத்துடன் நில்லாது, யூனிக்கோடு முறையில் 'க்' என்பது ககரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறியாகும். 'வணக்கம்' நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து, பொறிக்கு ஏழு. ஆகவே இடைவெளியின்றி எழுதினும் ஒரு செய்தியில் அச்சொல் பத்து முறைதான் அடங்கும். ஆங்கில எழுத்து எட்டைக் கொண்டு அதனையே எழுதினால் இருபது முறை அடங்கும். ஆங்கில எழுத்துக்களின் நடுவே ஒரே ஒரு தமிழெழுத்துப் புகுந்தாலும் முழுச் செய்தியும் 16 பிட் கணக்குக்கு மாறிவிடும் என்பது இதனினும் வேடிக்கை. அளவு மீறினால் செய்தி இரண்டாகும், கட்டணமும் இரண்டாகும். இத்தனைக்கும் அப்பால், பல கைப்பேசிகளில் தமிழெழுத்து வெறுங்கட்டங்களாகவே தோன்றியது.

2006-ஆம் ஆண்டில் நான் விடுதி மாணவன். எங்களிடம் கைப்பேசி இருந்தது. அதில் காசு இருப்பது அரிது. காசில்லாதவன் 'மிஸ்டு கால்' கொடுப்பான். ஒருமுறை மணியடித்து நின்றால் 'கீழே இறங்கி வா'. இருமுறை அடித்தால் 'எனக்காகக் காத்திராதே'. எடுக்காத அழைப்புக்குக் கட்டணம் இல்லையன்றோ! பண்டிகை நாட்களில் குறுஞ்செய்திச் சலுகை செல்லாது. ஆதலால் எங்கள் தீபாவளி வாழ்த்துக்களெல்லாம் முதல்நாள் மாலையே போய்விடும்.

எழுத்திலும் இதே சிக்கனம் புகுந்தது. அக்காலத்துக் கைப்பேசியில் எண்பொத்தான்களே எழுத்துப் பொத்தான்கள். லகரத்துக்கு உரிய 'எல்' வேண்டுமாயின் ஐந்தாம் எண்ணை மும்முறை அழுத்தவேண்டும். ழகரத்துக்கோ 'இசட்', 'எச்' என இரண்டெழுத்து வேண்டும். முன்னதற்கு ஒன்பதாம் எண்ணை நான்கு முறையும் பின்னதற்கு நான்காம் எண்ணை இருமுறையும் அழுத்தவேண்டும். விரைவாக எழுதுவோர் ழகரத்தையும் லகரமாகவே விட்டுவிடுவர். ளகரத்துக்கும் அதே எழுத்துத்தான்.

என் அறைத்தோழரின் தந்தையார் நோயுற்று மருத்துவமனையில் இருந்தார். தோழர் ஊருக்குச் சென்ற மூன்றாம் நாள் இரவு ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'அப்பாவுக்கு இனி' என்று தொடங்கி, 'வி, ஏ, எல், ஐ' என்னும் நான்கெழுத்தும், அதன்பின் 'இல்லை' என்பதும். அதனை நான் 'இனி வலி இல்லை' என்று படித்தேன். மனம் குளிர்ந்து, 'மிக்க மகிழ்ச்சி, நன்றாக உறங்கு' என்று மறுமொழி அனுப்பினேன். விடை வரவில்லை. அவர் எழுதியது 'இனி வழி இல்லை' என்பது. மறுநாள் காலையில் வேறொரு நண்பர் வந்து துயரச் செய்தியைச் சொன்னபோதுதான் அதனை உணர்ந்தேன். அன்றே புறப்பட்டு அவர் ஊருக்குச் சென்றேன். நெடுநேரம் அவர் என்னோடு பேசவில்லை. பின்னர் என் கைப்பேசியை வாங்கித் தம் செய்தியைத் தாமே படித்துப் பார்த்தார். "நீ படித்ததும் சரிதான்" என்றார்.

தமிழிலேயே குறுஞ்செய்தி எழுத வழிதேடியவர்கள் அப்போதும் இருந்தனர். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் ஆக்கிய செல்லினம் 2005-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் வெளிவந்தது. இன்றோ இணையவழிச் செய்திக்கு அந்த 70 என்னும் எல்லை இல்லை. தமிழ் விசைப்பலகை கைப்பேசியிலேயே கிடைக்கிறது; வாயாற் சொன்னால் எழுதிக்கொள்ளும் பொறியும் உண்டு. கணக்கு மாறிப் பல்லாண்டாகியும் கைப்பழக்கம் மாறவில்லை. காசை எண்ணிச் செலவிட்டறியாத உங்கள் தலைமுறையும் எங்கள் சிக்கனத்தையே கைக்கொண்டிருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

அத்தோழர் இன்றும் எனக்கு ஆங்கில எழுத்திலேயே எழுதுகிறார். ஆனால் ழகரம் வருமிடத்தில் இசட்டையும் எச்சையும் அவர் விடுவதே இல்லை.