பேர் தெரியாத நல்லவர்கள்! உசிலம்பட்டி பஸ் முதல் மதுரை பெரியாஸ்பத்திரி வரை...

உசிலம்பட்டியிலிருந்து மதுரை ஆரப்பாளையத்துக்குக் காலை நேரத்தில் பஸ் ஏறியவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போன ஒன்று. நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். கண்டக்டர் முன்பக்கம் நிற்கிறார். பின்படியில் தொற்றிக்கொண்டு வரும் ஒருவர் நூறு ரூபாய் நோட்டை நீட்டி, “செக்கானூரணி ஒண்ணு” என்கிறார். நோட்டு ஏழெட்டுக் கைகள் மாறிக் கண்டக்டரிடம் போகிறது. அதே கைகள் வழியாக டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் திரும்பி வருகின்றன. ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை.

கொடுத்தவருக்கு வாங்கியவரைத் தெரியாது. வாங்கியவர் கொடுத்தவரின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். யாரும் யாருக்கும் நன்றி சொல்வதும் இல்லை.

அதே பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறுகிறார். உட்கார்ந்திருக்கும் அக்கா ஒருவர், “பிள்ளைய இப்படிக் குடும்மா” என்று தானாகக் கை நீட்டுகிறார். பள்ளிக்கூடப் பை, பூக்கூடை, டிபன் பை எல்லாமே உட்கார்ந்திருப்பவர்களின் மடிக்குப் போய்விடுகின்றன. நாகமலை புதுக்கோட்டை தாண்டும்போது அந்தக் குழந்தை யாரோ ஒருவர் தோளில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

“தெரியாதவங்களை நம்பாதே” என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால், தினமும் நம் காசையும் பையையும் பிள்ளையையும் தெரியாதவர்களிடம்தான் கொடுத்து வாங்குகிறோம். பெரிய நகரம் கல்நெஞ்சம் படைத்தது என்கிற பேச்சுக்கு நடுவே, இப்படிப் பேர் தெரியாதவர்கள் காட்டும் அன்பைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?

“நீ யாரு வீட்டுப் பிள்ளை?”

கிராமத்தில் உதவிக்குக் குறைவில்லை. ஒரு வீட்டில் கல்யாணமோ துக்கமோ என்றால் தெருவே வந்து நிற்கும். ஆனால், அந்த உதவிக்கு ஒரு கணக்கு உண்டு. மொய் நோட்டில் எழுதிவைப்பதைப் போல, இன்று எனக்கு நீ, நாளை உனக்கு நான். புதிதாக ஒருவர் வந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வியே, “எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?” என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பின்னால் சொந்தமும் இருக்கும், சில நேரம் சாதியும் இருக்கும்.

நகரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் உதவும்போது இந்தக் கேள்விக்கு நேரம் இருப்பதில்லை. சிக்னலில் மயங்கி விழுந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பவர் அவர் எந்தத் தெரு, என்ன ஆளுங்க என்று விசாரிப்பதில்லை. கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். நகரத்து அன்பின் பெருமையே இதுதான்.

மதுரைக்கு இது பழைய பழக்கம்

இந்தப் பழக்கத்தை மதுரையின் பழைய கதைகளிலேயே பார்க்கலாம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் பிழைப்புத் தேடி மதுரைக்கு வருகிறார்கள். ஊரில் அவர்களுக்கு யாரும் இல்லை. வழித்துணையாக வந்த கவுந்தியடிகள், நகருக்கு வெளியே இருந்த ஆயர்குல மூதாட்டி மாதரியிடம் கண்ணகியை ஒப்படைக்கிறார். மாதரி அவர்களுக்குத் தங்க வீடு கொடுக்கிறாள். சமைக்கப் பொருள் கொடுக்கிறாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள். கோவலன் கொலையுண்ட பிறகு, அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று அவள் தீயில் விழுந்து உயிர்விட்டதாகக் காப்பியம் சொல்கிறது. சில நாள்கூடப் பழகாத விருந்தாளிகளுக்காக!

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை இன்னும் நெருக்கமானது. வேள்விக்காகக் கட்டப்பட்டிருந்த பசுவைக் காப்பாற்றியதற்காகவும், பிறப்பைக் காரணம் காட்டியும் ஊரார் அவனை விரட்டிவிடுகிறார்கள். பிச்சைப் பாத்திரத்தோடு மதுரைக்கு வருகிறான். சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்குகிறான். பகலெல்லாம் பிச்சை எடுத்து, பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள், நடக்க முடியாதவர்கள், ஆதரவற்றவர்கள் என எல்லோரையும் அழைத்துச் சாப்பிட வைக்கிறான். மிஞ்சியதைத்தான் தான் சாப்பிடுகிறான். அவன் கைக்குத்தான் பிறகு அமுதசுரபி வருகிறது.

10 ரூபாய் சாப்பாடும், யாசகர் கொடுத்த நிதியும்

அமுதசுரபி காப்பியத்தோடு முடிந்துவிட்டதா? மதுரை அண்ணா பஸ் நிலையம் பக்கம் போய் ‘ராமு தாத்தா’ என்று சொல்லிப் பாருங்கள். வயதானவர்கள் உடனே பேச ஆரம்பித்துவிடுவார்கள். பல ஆண்டுகளாக மிகக் குறைந்த விலைக்குச் சாப்பாடு போட்டவர் அவர். விலைவாசி எங்கோ போன பிறகும் 10 ரூபாய்க்குச் சாப்பாடு போட்டார். பெரியாஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வந்தவர்கள், கூலி வேலைக்காரர்கள் எனப் பசியோடு வந்தவர்களெல்லாம் அவர் இலையில் உட்கார்ந்தார்கள். 2020 ஜூலையில் அவர் இறந்தபோது, அவர் பேரே தெரியாமல் சாப்பிட்டுப் போனவர்களும் கண்கலங்கியிருப்பார்கள்.

அதே 2020-ல் மதுரை கலெக்டர் ஆபீஸுக்கு இன்னொரு பெரியவர் வந்தார். பெயர் பூல்பாண்டியன். தொழில், யாசகம். மே மாதம், ஊரடங்கு நேரம். யாசகம் பெற்றுச் சேர்த்த 10,000 ரூபாயை கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதோடு நிற்கவில்லை. மறுபடியும் மறுபடியும் வந்தார். ஆகஸ்ட் மாதத்துக்குள் அவர் கொடுத்த தொகை 90,000 ரூபாயைத் தொட்டது. மாவட்ட நிர்வாகம் அவரைச் சமூக சேவகர் என்று கௌரவித்தது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த 90,000 ரூபாய் ஐந்தும் பத்துமாக அவர் கையில் விழுந்த காசு. போட்டவர்கள் யாரோ. அது போய்ச் சேர்ந்தவர்களும் யாரோ. நடுவில் ஒரு பெரியவர். பஸ்ஸில் கைமாறிப் போகிற டிக்கெட் காசு மாதிரியேதான்.

வராண்டாவில் ஒரு குடும்பம்

கோரிப்பாளையம் அருகே இருக்கும் அரசு ராஜாஜி மருத்துவமனையைத் தென்மாவட்டத்து மக்கள் ‘பெரியாஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். உசிலம்பட்டி, தேனி, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் என எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வருகிறார்கள். கூட வருபவர்களுக்கு நகரமும் புதிது, பயமும் புதிது.

அங்கே வழிகாட்டிகள் யார் தெரியுமா? பெரும்பாலும் நான்கு நாள் முன்னால் வந்து சேர்ந்த இன்னொரு நோயாளியின் சொந்தக்காரர். எந்த வார்டு எங்கே, சீட்டு எங்கே பதிய வேண்டும், சுடுதண்ணீர் எங்கே கிடைக்கும் என்று அவர்தான் சொல்லித் தருகிறார். “நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்” என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்வதைக் கேட்காதவர்கள் குறைவு. டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது பாயையும் பிளாஸ்கையும் அடுத்து வந்தவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

ஆஸ்பத்திரியில் தெரியாதவர் கொடுக்கக்கூடிய பெரிய பரிசு ரத்தம். 18 முதல் 65 வயது வரை உள்ள, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள ஆரோக்கியமானவர்கள் ரத்தம் கொடுக்கலாம். ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். அந்தப் பை யாருக்குப் போகிறது என்று கொடுத்தவருக்குத் தெரியப்போவதில்லை. வாங்கியவருக்கும் அப்படியே. ரத்தத்துக்குப் பிரிவு பார்ப்பார்கள். ஊரும் பேரும் யாரும் பார்ப்பதில்லை.

கூட்டம் நிற்கிறது... கை ஏன் நீளவில்லை?

எல்லாம் சரி, அப்படியானால் சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றிக் கூட்டம் வேடிக்கை பார்ப்பதும், சிலர் செல்போனில் வீடியோ எடுப்பதும் பொய்யா? இல்லை. அதுவும் இதே நகரத்தில்தான் நடக்கிறது.

1968-ல் அமெரிக்காவில் ஜான் டார்லி, பிப் லடானே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் ஒலி கேட்கும்படி செய்தார்கள். தான் ஒருவர் மட்டுமே அதைக் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில், குரல் அடங்குவதற்குள் உதவிக்கு எழுந்தவர்கள் 85 சதவிகிதம். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அது 31 சதவிகிதம்தான். மனது இல்லாமல் இல்லை. “வேற யாராவது பார்த்துக்குவாங்க” என்ற நினைப்புதான் தடுக்கிறது.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. ஆபத்தில் பொதுவாக “யாராவது வாங்க” என்று கத்தாதீர்கள். ஒருவரைக் குறிப்பாகக் கைகாட்டுங்கள். “பச்சைச் சட்டை அண்ணே, நீங்க 108-க்குப் போன் போடுங்க. அக்கா, நீங்க தண்ணி கொண்டு வாங்க.” பொறுப்பு தன்மேல் வந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் நகர மாட்டார்கள்.

போலீஸ், கோர்ட் பயம் வேண்டாம்

நம் ஊரில் இன்னொரு தடையும் உண்டு. “ஆஸ்பத்திரியில சேர்த்தா நம்மையே போலீஸ் பிடிச்சு வச்சுக்கும், கோர்ட்டுக்கு அலையணும்” என்ற பயம். அந்தப் பயத்துக்கு இப்போது சட்டப்படி இடமில்லை.

* விபத்தில் உதவுபவர்களைப் பாதுகாக்கும் வழிமுறைகளுக்கு 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சட்ட வலு கொடுத்தது.

* 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவும்போது அடிபட்டவருக்குக் கூடுதல் காயமோ மரணமோ ஏற்பட்டாலும், உதவியவர்மீது வழக்குப் போட முடியாது.

* உதவியவர் தன் பெயர், முகவரி, போன் எண்ணைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சாட்சி சொல்வதும் அவர் விருப்பம்தான். இந்த உரிமைகளை மருத்துவமனை வாசலில் மக்கள் மொழியில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதி.

* படுகாயம் அடைந்தவரை ‘பொன்னான நேரம்’ எனப்படும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்து உயிர் காப்பவர்களுக்கு 5,000 ரூபாய் பரிசு தரும் திட்டத்தை 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்தது. 2025-ல் அது 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

* “செலவு யார் பண்றது?” என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கப்பட்டது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்றுகூடப் பார்ப்பதில்லை.

ஆக, செய்ய வேண்டியது ஒன்றுதான்: 108-ஐ அழையுங்கள். தாமதமானால் நம்மிடம் இருக்கும் வண்டியில் கொண்டு போங்கள். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம்.

எச்சரிக்கையும் வேண்டும், ஈரமும் வேண்டும்

“அன்பா பேசி மயக்க பிஸ்கட் கொடுத்துட்டாங்க” என்ற செய்திகளையும் நாம் படிக்கிறோம். வீட்டில் பெரியவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பொதுவாக ஒரு வித்தியாசம் தெரியும். உண்மையாக உதவ வருபவர் அவசரப்படுத்த மாட்டார். தனியாக ஒரு இடத்துக்கு வரச் சொல்ல மாட்டார். வேண்டாம் என்றால் சரி என்று நகர்ந்துவிடுவார். பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால், பயத்தை மட்டும் கொடுத்ததாக ஆகாது.

பரபரப்பான நகரம் என்றால் ஈரம் இருக்காது என்றும் சொல்லிவிட முடியாது. ராபர்ட் லெவின் என்ற உளவியலாளரின் குழு உலகின் 23 பெருநகரங்களில் பேனாவைத் தவறவிட்டும், கால் அடிபட்டவர்போல் நடித்தும், பார்வையற்றவராகச் சாலையோரம் நின்றும் பார்த்தது. உதவுவதில் முதல் இடம் பிடித்தது நெரிசலும் வறுமையும் நிறைந்த பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ!

மதுரையில் நெரிசலும் ஈரமும் எப்படிச் சேர்ந்திருக்கும் என்று பார்க்க, சித்திரைத் திருவிழாவுக்கு வாருங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் லட்சக்கணக்கில் ஜனம். தெருவுக்குத் தெரு நீர்மோர், பானகம், புளியோதரைப் பந்தல். ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு நிற்கும் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் நோன்புக் கஞ்சி. யாரும் எந்த ஊர் என்று கேட்டு ஊற்றுவதில்லை.

பெரிதாக எதுவும் வேண்டாம். இந்த வாரம் இதில் ஒன்றைச் செய்து பாருங்கள். வெயிலுக்கு வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வையுங்கள். பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் தடுமாறும் பாட்டியை அவர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் இறங்குமிடத்தைச் சொல்லுங்கள். 108 என்ற எண்ணை வீட்டுக் குழந்தைகளுக்கு மனப்பாடம் செய்ய வையுங்கள். ரத்தம் கொடுத்து மூன்று மாதம் தாண்டிவிட்டதா? ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள்.

அவர்கள் உங்கள் பேரைக் கேட்க மறந்திருக்கலாம். பரவாயில்லை. அவர்கள் வீட்டில் இரவு சாப்பிடும்போது, “யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்” என்று ஒரு வார்த்தை வரும். அது உங்களைத்தான்.