கிளி யாருக்குச் சொந்தம்?



அண்ணன்மார் கதை தெரியாதவங்க நம்ம காங்கேயம் பக்கம் ரொம்பக் கம்மி. உடுக்கை அடிச்சு ராத்திரி ராத்திரியாகப் பாடும் கதை அது. 1965-ல் பிரெண்டா பெக் என்ற வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் இங்கே ஓலப்பாளையத்தில் தங்கி, 18 இரவு பாடியதை டேப்பில் பதிவு செய்தார். பிற்காலத்தில் அதையே 26 பாகம் கார்ட்டூனாகவும் செய்தார். நான் கேட்டது அம்மிச்சி மடியில்தான்.

இது நடந்ததா, கற்பனையா என்று பெரியவர்கள் சண்டை போடுவார்கள். நான் கதையாகவே எடுத்துக்கொண்டு, அதில் வரும் இரண்டு நாட்டு ஜனங்களின் குணத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

பொன்னர், சங்கர் நாடு உழவர் நாடு. காட்டைத் திருத்தி வயல் ஆக்கியவர்கள். நம்ம கொறங்காட்டைப் பாருங்க, சுத்தியும் கிளுவை வேலி. வேலி போட்டால்தான் மாடு நிற்கும், புல் மிஞ்சும். உழவர் குணமும் அதுதான். அடுத்த வருசத்துக்கு விதை எடுத்து வைப்பார்கள், பொறுத்திருப்பார்கள். ஆனால் வேலி போட்டுப் பழகினவங்களுக்கு எதைப் பார்த்தாலும் நம்மளது என்று தோணுது போல.

வேடர் நாட்டில் வேலி இல்லை. பத்தாயமும் இல்லை. அவர்கள் தங்கச்சி வீரத்தங்காள் கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வளர்க்கிறாள். மிருகம், பறவை எல்லாம் அவளுக்குச் சொந்தபந்தம் மாதிரி.

சண்டை எதனால் வந்தது தெரியுமா? ஒரு கிளியால்! பொன்னர், சங்கரின் தங்கச்சி தங்காள் காட்டுக் கிளி ஜோடி வேண்டும் என்று ஆசைப்பட்டாள். சாம்புவன் போய் ஆண் கிளியைப் பிடித்து வந்துவிட்டான். பெண் கிளி தப்பிப் பறந்து வீரத்தங்காளிடம் போய் அழுதது. அப்புறம்தான் கொம்பன் வந்து வயலை நாசம் செய்தது. இந்தக் கிளி சமாச்சாரம் பாதிப் பேருக்கு ஞாபகமே இல்லை. பன்றி வந்தது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு!

அதுக்காக வேடர் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. கிளி பிடித்தது ஒருத்தர், கஞ்சி போனது ஊருக்கே. தப்பு செய்தவரை மட்டும் கேட்கும் பழக்கம் ரெண்டு நாட்டிலும் இல்லை. தங்கச்சி கண்ணில் தண்ணி வந்தால் அண்ணன்மார் ஆயுதம் எடுப்பதும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். பேரைப் பாருங்க, தங்காள், வீரத்தங்காள்!

இன்னொண்ணு. பொன்னர் சாது, சங்கர் கோபக்காரர். ஒரே வயிற்றில் பிறந்து ஒரே சோறு தின்றவர்கள். அப்புறம் எப்படி "உழவர்னா இப்படி, வேடர்னா அப்படி" என்று நான் எழுதலாம்? மேலே எழுதியதை அடிக்கலாமா என்று யோசித்தேன். மை தீர்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பிடித்தது பொன்னாச்சிதான். குட்டி நாய். வேட்டைக்குக் கூப்பிடாமல் போனதுக்கு அதுக்கு அவ்வளவு கோபம்! கடைசியில் அது கடித்த பிறகுதான் கொம்பன் விழுந்தது.

எங்கள் வகுப்பில் இதை நாடகமாகப் போட்டபோது வேடர் வேசம் போட ஒருத்தரும் வரவில்லை. நான் அன்றைக்கு லீவு, அதனால் வீரத்தங்காள் என் தலையில் விழுந்தது. வசனம் ரெண்டே வரி. "என் கிளியைக் குடு" என்று நானாக ஒரு வரி சேர்த்துச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை மட்டும், "அக்கா, கிளியைக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். குடுக்கலை என்று சொன்னேன்.

வீட்டிலும் இப்போது இதே பஞ்சாயத்துதான். கடலை போட்டால் மயில் கிளறித் தின்னுட்டுப் போகுது. அப்பா கல்லை எடுக்கிறார். அம்மிச்சி, "உடுப்பா, அது முருகன் வாகனம்" என்கிறார். அப்பா, "அப்ப முருகனே வந்து வெதைக்கடலை குடுக்கட்டும்" என்கிறார். நான் யார் பக்கம் என்று ரெண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி