இந்தத் தட்டு யாருடையது?

புனேயில் கட்கி பக்கம் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அங்கே எங்கள் தமிழ் வகுப்பு நடக்கிறது. ஒரு நாள், "நேற்று வீட்டில் என்ன சமையல்? எழுதுங்கள்" என்றேன். ஓர் அக்கா "சாம்பார்" என்று எழுதினார். பிறகு மெல்லச் சொன்னார்: "உண்மையில் போட்டிக் கறி, தம்பி. எழுதினால் சிரிப்பார்கள்."

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் ஊர் உப்புக்கண்டம் உங்களுக்குத் தெரியும். மராட்டியக் கிராமங்களிலும் அது போல ஒன்று உண்டு. அதன் பெயர் சான்யா. மாட்டுக் கறியை நீளமாக நறுக்குவார்கள். வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்த கறி பல நாள் கெடாது. தணலில் சுட்டுத் தின்னலாம். குழம்பிலும் போடலாம். கூடச் சோள ரொட்டி.

ஏன் காயவைத்தார்கள்? ஊரில் மாடு செத்தால் அப்புறப்படுத்தும் வேலையை மகார் சாதி மக்கள் தலையில் கட்டியிருந்தார்கள். அந்தக் கறிதான் அவர்களுக்குக் கிடைத்தது. ஒரு மாட்டை ஒரே நாளில் தின்ன முடியுமா? செத்த மாட்டுக் கறியை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் அம்பேத்கர் 1927-இல் மகாட் மாநாட்டில் கேட்டுக்கொண்டார். பலர் விட்டார்கள். ஆனால் பாட்டியின் கைப்பக்குவம் மறக்குமா?

கடையில் விற்கும் சமையல் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். நெய் இருக்கும். முந்திரி இருக்கும். ரத்தப் பொரியலைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

2009-இல் புனே பல்கலைக்கழகத்தின் பெண்கள் படிப்பு மையம் ஒரு நூல் வெளியிட்டது. பேராசிரியர் சர்மிளா ரேகேயும் மாணவர்களும் சேர்ந்து செய்த வேலை அது. தலித் மக்களின் சமையல் குறிப்புகளும் சாப்பாட்டு நினைவுகளும் அதில் உள்ளன. நூலின் பெயரே ஒரு கேள்வி. இந்தத் தட்டு இந்தியத் தட்டு இல்லையா?

2015-இல் ஷாஹு பாடோளே என்பவர் மராத்தியில் ஒரு நூல் எழுதினார். மராட்வாடா பகுதியின் மகார், மாங் மக்களுடைய சமையல் பற்றியது. அன்னம் முழுமையான தெய்வம் என்பது மராத்திப் பேச்சு வழக்கு. அவர் தன் நூலுக்கு, 'இந்த அன்னம் முழுமையற்ற தெய்வம்' என்ற பொருளில் பெயர் வைத்தார். குத்தலான பெயர்தான்! 2024-இல் அது ஆங்கிலத்திலும் வந்தது.

கடல் தாண்டிப் பிரேசில் நாட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து மக்களை அங்கே அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். 1888-இல்தான் அடிமை முறை ஒழிந்தது. அவர்கள் வழிவந்த பெண்கள் பாகியா பகுதியில், தெருவில் வடை சுட்டு விற்கிறார்கள். தட்டைப்பயறு போன்ற பயறை ஊறவைத்து அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரித்த வடை. அதன் பெயர் அக்கராஜே. 2005-இல் அந்தப் பெண்களின் தொழிலை நாட்டின் பண்பாட்டுச் சொத்தாக அரசே பதிவு செய்தது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டார். "போட்டியை எப்படிக் கழுவுவது என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறதா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "வெந்நீரில் முக்கி எடுக்கணும். கத்தியால் சுரண்டணும். மஞ்சள் தூள் போட்டு நாலு தடவை அலசணும். அதை விட்டால் வாடை போகாது தம்பி."