ஆடியில் கிடைக்கும் மின்சாரம் சித்திரைக்குக் கிடைக்குமா?

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார முடியாது; காற்று முகத்தில் அறையும். முப்பந்தலில் சாலையின் இருபுறமும் காற்றாலைகள் ராப்பகலாகச் சுற்றும். மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டும் தென்மேற்குப் பருவக்காற்று, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு என இடைவெளி கண்ட இடத்தில் எல்லாம் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. குற்றாலத்தில் சாரல் தூவுவதும் இதே காற்றுதான்.

தமிழகக் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி மே கடைசி முதல் செப்டம்பர் வரையிலான சீசனில்தான் கிடைக்கிறது. மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டதோ 2024 மே 2 அன்று, கத்திரி வெயில் நெருங்கிய நேரத்தில். காற்று சீசன் அப்போது தொடங்கவே இல்லை.

நாளுக்கு நாள் ஏற்ற இறக்கமும் கடுமையானது. காற்றின் வேகம் பாதியாகக் குறைந்தால், அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். நொடிக்கு 3 மீட்டர் வேகம்கூட இல்லையென்றால் மின்சாரமே வராது. 25 மீட்டரைத் தாண்டினால் இயந்திரம் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். அதனால்தான் ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, 96 ஆகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உற்பத்தியை முன்கூட்டியே கணிக்கிறார்கள்.

ஓரிடத்தில் காற்று ஓய்ந்தால் வேறிடத்தில் அடிக்காதா? அடிக்கும், அதைக் கொண்டுவரக் கம்பி இருந்தால். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் மின்தடம் தென்னிந்திய கிரிட்டை நாட்டின் பிற பகுதிகளோடு இணைத்தது. பின்னர் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழகத்தின் புகளூர் வரை 6,000 மெகாவாட் தடமும் வந்தது. இவை மணிக்கணக்கிலான ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க உதவும். ஆனால் குஜராத்துக்கும் கர்நாடகத்துக்கும் காற்று தருவது அதே தென்மேற்குப் பருவம்தான். சீசன் இல்லாத மாதங்களில் கம்பி மட்டும் போதாது.

டென்மார்க்கின் வசதி வேறு. அதன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. பக்கத்து நாடான நார்வேயில் இருப்பதோ அணை மின்சாரம். 1970களிலிருந்தே கடலடிக் கேபிள்கள் இரண்டையும் இணைக்கின்றன. டென்மார்க்கில் காற்று வலுக்கும்போது நார்வே அணைநீரைச் சேமிக்கிறது, ஓயும்போது திறந்துவிடுகிறது.

தமிழகத்தில் அந்த வேலையைச் சிறிய அளவில் செய்வது ஆனைமலையில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று நிலையம். நீலகிரியின் குந்தா நீரேற்றுத் திட்டத்தின் திறன் 500 மெகாவாட். இவற்றால் நள்ளிரவுக் காற்றில் நீரை மேலேற்றி வைத்து, மாலை நேரத் தேவைக்கு மின்சாரம் தரமுடியும். ஆடிக் காற்றைச் சித்திரை வரை வைத்திருக்க முடியாது. சித்திரைப் பகலுக்குச் சூரிய மின்சாரம் இருக்கிறது. சித்திரை இரவுக்குத்தான் இன்னும் அனல் மின்சாரத்தை நம்ப வேண்டியிருக்கிறது.

கையருகே இருக்கும் இன்னொரு வழியை, பழைய காற்றாலைகளை அகற்றிப் புதியவை நிறுவுவதை, அரசு உடனே முடுக்கிவிட வேண்டும். நல்ல காற்றுள்ள இடங்களை 225, 250 கிலோவாட் பழைய இயந்திரங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உயரமான புதிய காற்றாலைகள் மென்காற்றிலும் சுற்றும். சீசனுக்கு முன்னும் பின்னும் மின்சாரம் தரும். ஆனால் அவற்றுக்கு இடைவெளி அதிகம் வேண்டும். பழைய ஆலைகள் நிற்கும் நிலமோ பல உரிமையாளர்களிடம் துண்டு துண்டாகக் கிடக்கிறது.